வீட்டு நிழலுக்கு உரிய மரம்

வீடு கட்ட முற்படுகிற குடியானவர் அஸ்திவாரம், சுவர், தளம், கதவு ஆகியவற்றிற்கு ஆகும் செலவைப் பல நாள் கணக்கிடுகிறார். சங்கத்தில் கடன் வாங்குவதானால் அக்கணக்கைப் பத்துப்பேர் அறியவும் செய்கிறார்கள். ஆனால் அவ்வீட்டிற்கு நிழல் எங்கிருந்து வரும் என்பதை முன்னதாக ஆலோசிப்பவர் வெகு சிலரே. மண் சுவரும் கூரையுமாக வீடுகள் இருந்த காலத்தில் இந்த அசிரத்தையினால் பெரிய கெடுதல் விளையவில்லை. மண்ணும் ஓலையும் வெயிலை உள்ளே விடுவதில் மிகவும் மந்தமானவை. இப்பொழுது கிராமங்களிலும் கான்கிரீட் தளமும் தகரக் கொட்டகையும் பெருகிவிட்டன. தகரம் வெயில் பட்டவுடனே கொதிக்கிறது. கான்கிரீட் தளமோ பகலெல்லாம் உஷ்ணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மனிதர் படுக்கப் போகும் வேளையில் அதை வீட்டுக்குள் விடுகிறது. திருவண்ணாமலைச் சீமையில் சித்திரை, வைகாசி மாதங்களில் உஷ்ணம் பாரன்ஹீட் கணக்கில் 100 டிகிரிக்கு மேல் ஏறுவது புதிதல்ல. அந்நாட்களில் இரவு தூக்கமின்றி வாடுகிறவர்கள் கைக்குழந்தைகளும் வயது முதிர்ந்தவர்களுமே. சுவரில் பூசிய சுண்ணாம்பைவிடச் சுவருக்கு வெளியே நிற்கும் ஒரு மரம் அவர்களுக்கு அதிக உபகாரம் செய்யும்.

எந்த மரம் என்பதே கேள்வி. வீட்டுத் தோட்டங்களைக் குறித்து மேல்நாட்டில் வெளிவரும் புத்தகங்களைப் புரட்டுகிறவர்கள் ‘சிகமோர்’ என்னும் பெயரை அடிக்கடி காண்பார்கள். வீட்டுக்கு நிழல் தருவதில் அதற்கு இணையில்லை என்றும் அவை புகழ்ந்து கூறும். அப்பெயரை நம்பி நாற்றுக்கு அலைவதற்குமுன் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அப்பெயர் ஒரு மரத்திற்கு உரியதன்று. ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று மரங்களுக்கு உரியது. அமெரிக்கர் அவ்வாறு அழைப்பது, பட்டை பட்டையாகத் தோலுரிந்து வெண்மையாக நிற்கும் ஒரு பெருமரத்தை. நமது தேசத்தில் அதன் நெருங்கிய இனம் காஷ்மீரத்துச் சினார் மரம். இங்கிலாந்தில் அதே பெயரால் வழங்குவது வேறொரு குளிர்நாட்டு மரம். இவ்விரண்டும் பனிக்காலத்தில் இலையுதிர்த்து ஓய்ந்து, பின்பு தழைக்கும் வழக்கமுடையவை. அந்தக் குளிர் இல்லாத நமது சமவெளியில் அவற்றை நட்டு வளர்க்க முயல்வது வீண் பிரயாசை.

மூன்றாவது மரந்தான் அப்பெயருக்கு ஆதியில் உரியது. எகிப்து, பாலஸ்தீனம் முதலிய தேசங்களில் வளர்வது. கிறிஸ்தவ வேதாகமத்தைத் தமிழில் படித்தவர்கள், குள்ளனான சகேயு என்பவன் ஏறி நின்ற காட்டத்தி மரத்தை அறிவார்கள். அதுவே இது. பெயர்த்தவர்கள் காட்டத்தி என்று சொல்லிட்டது மிகவும் பொருத்தம்; ஏனெனில் அது நமது ஏரிக்கரையிலும் ஓடையோரத்திலும் நிற்கும் அத்தி மரத்திற்குப் பங்காளி. இரண்டிலும் காய் அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் குலை குலையாகக் காய்க்கிறது. இரண்டிலும் பூ வெளியே தெரிவதில்லை. ‘அத்தி பூத்தாற்போல’ என்று அபூர்வமான காரியத்தைச் சொல்கிறோம். உண்மையில் அத்தி தவறாமல் பூக்கிறது. நாம் காய் என்று எண்ணும் உருண்டைக்குள்ளேயே நூற்றுக்கணக்கான நுண்ணிய பூக்கள் இருக்கின்றன. அத்திக்கென்றே ஏற்பட்ட ஒரு சிறு குளவி காயின் நுனியிலுள்ள துவாரத்தின் வழியாக உள்ளே சென்று மகரந்தம் சேர்க்கிறது. எகிப்து தேசத்தில் அந்தக் குளவி இல்லாதபடியால், அங்கே மக்கள் காட்டத்திக் காய்களைக் கத்தியினால் கீறிப் பழுக்க வைத்தும், விதையில்லாமையால் கிளையை வெட்டி நட்டும் பல்லாயிரம் வருஷங்களாக அம்மரத்தைக் காத்து வந்திருக்கிறார்கள்.

நமது அத்திக்கும் கௌரவம் குறைவன்று. காஞ்சீபுரத்து வரதராஜப் பெருமாள் கோயிலில் நாற்பது வருஷங்களுக்கு ஒரு முறை குளத்திலிருந்து எழுந்தருளச் செய்யும் மூர்த்தி அத்தி மரத்தால் ஆனது. 1979-லும் 2019-லும் அவ்வாறு எழுந்தருளிய வைபவத்தை இச்சீமையார் பலர் நேரில் சென்று சேவித்திருப்பார்கள். அத்தி மரம் வெளியே கிடந்தால் விரைவில் உளுத்துப் போகும். தண்ணீருக்குள் கிடந்தால் நெடுங்காலம் நிற்கும். முற்காலத்தில் கிணற்றின் அடியில் வைக்கும் வளையத்திற்கு அதை உபயோகித்ததும் இதனாலேதான். விஸ்தாரமான நிழல், பறவைகளுக்கு ஆகாரம், ஆடுமாடுகளுக்குத் தழை ஆகிய இத்தனை குணங்களும் அதற்கு உண்டு.

அப்படியானால் வீட்டு வாசலில் அத்தியையே நடலாமே என்றால், கூடாது. அதன் வேர் ஈரம் உள்ள இடத்தைத் தேடி நெடுந்தூரம் செல்வது. கிணற்றுச் சுவரின் இடுக்கு, கழிநீர்த் தொட்டியின் வெடிப்பு, தண்ணீர்க் குழாயின் இணைப்பு எதுவும் அதற்குத் தடையல்ல. பழம் உதிரும் காலத்தில் முற்றமெல்லாம் ஈயும் புழுவுமாகும். இரவில் வௌவால் வந்து சேரும். ஆல், அரசு, இச்சி ஆகியவையும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. இவற்றைச் சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் நாற்பது அடிக்குக் குறையாத தூரத்தில்தான் வைக்க வேண்டும். அவ்வளவு மனை யாருக்கு இருக்கிறது? ஏரிக்கரைச் சரிவின் அடிப்புறம், ஓடைக்கரை, மந்தைவெளி, சந்தைத் திடல் ஆகியவை அத்திக்குரிய இடங்கள். வீட்டுச் சுவரிலோ மாடியின் தண்ணீர்த் தூம்பிலோ பறவையின் எச்சத்தினால் முளைக்கும் அரசங்கன்றையும் அத்திக்கன்றையும் இரண்டு விரற்கடை உயரத்திலேயே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். அரசங்கன்றைப் பிடுங்குவது பாவமென்று கருதுகிறவர்கள் அதைப் பக்குவமாக எடுத்துக் குளக்கரையில் நடலாம்; மரமும் பிழைக்கும், சுவரும் பிழைக்கும்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதற்குமுன் திசையைத் தேர்ந்தெடுத்தல் அவசியம். இதில் மேல்நாட்டுப் புத்தகம் நம்மைத் தவறான வழியில் செலுத்தும். அங்கே சூரியன் எக்காலத்திலும் தெற்கே சாய்ந்திருப்பதால், தெற்கில் நடு என்று அவை உபதேசிக்கின்றன. திருவண்ணாமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 டிகிரியும் சிறிதும் தள்ளியுள்ளது. ஏப்ரல் மாதம் 23-ந் தேதி வாக்கில் நடுப்பகல் சூரியன் இவ்வூருக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அன்று முதல் ஆகஸ்டு 20-ந் தேதி வாக்கு வரையில் உச்சிக்குச் சற்று வடக்கே நின்று, பிறகே தெற்கே திரும்புகிறது. ஆகவே கோடையில் தெற்குச் சுவருக்கு நிழல் தேடுவதில் பிரயோஜனம் இல்லை. உச்சிவெயிலைத் தடுக்க வேண்டுமானால் தளத்துக்கு மேலே கவியும் மரம் வேண்டும். அது பல வருஷத்துக் காரியம். ஆனால் வீட்டை அடுப்பாக்குவது பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்கு மேல் மேற்குச் சுவரில் அறையும் வெயிலே. அந்தச் சூரியன் வைகாசியில் நேர் மேற்கே அஸ்தமிப்பதில்லை; வடமேற்காக ஒதுங்கி அஸ்தமிக்கிறது. எனவே முதல் மரத்தின் இடம் வீட்டின் மேற்கும் வடமேற்கும். இரண்டாவதற்கு இடமிருந்தால் கிழக்கு.

எவ்வளவு உயர மரம் போதும்? மே மாதத்தில் மாலை 4 மணிக்குச் சூரியன் அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 36 டிகிரி உயரத்தில் நிற்கும். அப்பொழுது 20 அடி உயரமுள்ள மரத்தின் நிழல் 27 அடிக்குச் சற்று மேல் நீளும். சுவருக்கு மேற்கே பதினைந்தடி தள்ளி நிற்கும் அத்தகைய மரம், மாலை வெயிலிலிருந்து ஒற்றைமாடி வீட்டுச் சுவரின் பெரும்பாகத்தை மறைத்துவிடும். இருபதடி உயரம் என்பது நமது மண்ணுக்கேற்ற மரத்திற்குச் சில வருஷங்களில் கிடைக்கக்கூடியதே. பேரன் காலத்திற்கு என்று பெருமூச்சு விட வேண்டியதில்லை.

நமது சீமையின் செம்மண்ணுக்கும் சரளைக்கும் ஒத்து, வீட்டின் அருகில் வைக்கத் தகுந்த மரங்களில் முதலாவதாகச் சொல்லத்தக்கது புங்கு. அதன் விசேஷம் காலத்தை அறிந்து தழைப்பது. மாசி, பங்குனியில் பழைய இலையை உதிர்த்து, சில வாரங்களுக்குள்ளேயே பளபளப்பான தளிரை விட்டு, சித்திரை பிறக்கும்போது மரம் முழுவதும் அடர்ந்துவிடுகிறது. வெயில் கடுமையாகும் நாளில் நிழலும் கடுமையாகிறது என்று சொல்லலாம். அவரை இனத்தைச் சேர்ந்ததாகையால் வேர்முடிச்சுகளினால் மண்ணுக்கு உரமும் சேர்க்கிறது. தழை நெல் வயலுக்கு எரு. விதையில் நூற்றுக்கு முப்பது பங்கு வாக்கில் எண்ணெய் உண்டு. பிண்ணாக்கும் வயலுக்கு ஆகும். கிராமத்து விளக்குகள் ஒரு காலத்தில் இந்த எண்ணெயால் எரிந்தன. ஒரே ஒரு குற்றம், தழைக்காக மரத்தை மொட்டையடிக்கும் வழக்கம். பங்குனியில் தழையை வெட்டி ஆட்டுக்குப் போட்டுவிட்டுச் சித்திரையில் நிழலில்லை என்று வருந்துகிற வீடுகள் உண்டு. ஆடி, ஆவணியில் நாற்று நடவுக்குத் தேவைப்படும்போது பக்கக் கிளைகளை மட்டும் கழித்துக்கொண்டால் வயலுக்கும் ஆகும், அடுத்த கோடைக்குள் மரமும் தேறிவிடும்.

வேம்பைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. புங்கைவிட உயரமாக வளர்வதால் மின்சாரக் கம்பியின் கீழ் அதை வைக்கலாகாது. வேப்பம்பருப்பின் உபயோகத்தை மட்டும் அங்கத்தினர் நினைவில் வைக்கலாம். ஐந்து கிலோ பருப்பை இடித்துப் பத்து லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, நூறு லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசலுடன் தெளித்தால் அநேக பயிர்ப் பூச்சிகள் அடங்கும். கடையில் வாங்கும் மருந்துச் செலவில் ஒரு பாகம் வாசலிலேயே காய்த்துத் தொங்குகிறது.

இரண்டு சென்டு, மூன்று சென்டு மனையுள்ளவர்களுக்குப் பூவரசு நல்லது. வருஷம் முழுவதும் பசுமை மாறாது; கிளையை அடிக்கடி கழித்தாலும் சளைக்காது; இலையில் கொழுக்கட்டை அவிக்கலாம், பிள்ளைகள் பீப்பீ செய்து ஊதலாம். போத்து நட்டாலே பிழைப்பதால் நாற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுமில்லை. ஆயினும் பெரும் போத்தாக வைத்த பூவரசு பிற்காலத்தில் உள்ளே பொந்து விழக்கூடும். வண்டிக்கும் வீட்டுக்கும் ஆகும் வைரம் வேண்டுவோர் விதையிட்டு வளர்ப்பதே உத்தமம். முருங்கையை நிழலுக்காக வைப்பது தகாது. அதைக் கறிக்காக வைக்கட்டும்.

பொறுமையுள்ளவர்களுக்கு மகிழும் இலுப்பையும் உண்டு. அருணாசலேசுவரர் கோயிலின் தல விருக்ஷம் மகிழ மரம். இலை அடர்த்தியும் மணமுள்ள சிறு பூவும் அதற்கு உண்டு, வளர்ச்சிதான் மந்தம். 1896-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி பாலகனாக இவ்வூர் வந்து சேர்ந்த ரமண மகரிஷி, கோயிலுக்குள் சிறிது காலம் தங்கியிருந்தது ஓர் இலுப்பை மரத்தடியிலேதான். ஊரில் பிறந்தவர்களுக்கு இம்மரங்களின் அருமையைப் புதிதாய்ச் சொல்ல வேண்டுவதில்லை. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் வெறுங்காலோடு நடக்கிற ஜனங்களுக்குச் சாலையோர நிழல் இன்னதென்று தெரியும். அப்பாதையை அகலமாக்குவதற்காக மரங்கள் வெட்டப்பட்டபொழுது, 2016-ல் அக்காரியம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரையில் சென்றது. மலையின் சரிவுகளோ 1980-களில் பெரும்பாலும் புல்லும் பாறையுமாக இருந்தன. அதன்பின் தன்னார்வத்தினர் வருஷந்தோறும் கன்று நட்டும், கோடையில் எலுமிச்சம்புல்லில் பற்றும் தீயைத் தடுக்கப் புல்லை அறுத்து இடைவெளி விட்டும் பாடுபட்டதனால் இன்று பல இடங்களில் காடு திரும்பியிருக்கிறது. சரளைப் பாறையிலேயே மரம் வளருமானால், கை கழுவும் தண்ணீர் விழுகிற வீட்டு முற்றத்தில் வளராமற் போவதற்குக் காரணம் மண்ணன்று.

விரைவாக வளர்கிறது, பூ அழகாயிருக்கிறது என்பதற்காக வாங்கப்படும் அந்நிய மரங்களைப்பற்றி எச்சரிக்கை தேவை. தூங்குமூஞ்சி மரம் தென்னமெரிக்காவிலிருந்தும், சிவந்த பூப்பூக்கும் மயிற்கொன்றை மடகாஸ்கர் தீவிலிருந்தும் வந்தவை. இரண்டும் பெருஞ்சாலைக்கும் விசாலமான மைதானத்துக்கும் அழகு. வீட்டுத் தளத்தின் மேல் கிளை நீட்டும் இடத்தில் அவை அபாயம். 2016 டிசம்பர் 12-ந் தேதி சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் இத்தகைய மரங்கள் ஏராளமாக முறிந்தும் சாய்ந்தும் விழுந்தன. நம்முடைய சீமை கடற்கரைக்குத் தூரமாயிற்றே என்று இருந்துவிட முடியாது. 2024 டிசம்பர் முதல் தேதி பெங்கல் புயலின் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவு சரிந்து, அடிவாரத்து வீடொன்றில் ஏழு பேர் மாண்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு மழையில் ஊறிய மண்ணில், சுற்றிலும் சிமெண்டு பூசி வேரை நெரித்து வைத்த மரம் நிலைத்து நிற்பது கடினம். அடிமரத்தைச் சுற்றி மூன்றடியாவது வெறும் மண்ணாக விட வேண்டும்.

தூரத்தைப்பற்றி ஒரு கணக்கு. புங்கும் பூவரசும் சுவரிலிருந்து பன்னிரண்டு முதல் பதினைந்தடி, வேம்பு பதினைந்து முதல் இருபதடி தள்ளியிருப்பது நலம். உறுதியான அஸ்திவாரத்தை வேர் உடைப்பதில்லை. முன்பே கீறல் கண்ட இடத்தில்தான் புகுந்து அதைப் பெரிதாக்குகிறது. கரிசலும் களியுமான மண்ணில் மரம் ஈரத்தை உறிஞ்சுவதால் மண் சுருங்கிச் சுவர் இறங்குவதும் உண்டு; அங்கே இன்னும் ஐந்தடி கூட்டிக்கொள்ள வேண்டும். எல்லைக் கல்லை ஒட்டி நடுவதே அயலாருடன் வழக்குக்கு விதை போடுவதாகும். சருகு யார் கூட்டுவது, கிளை யாருடையது, காய் யாருக்கு என்று தொடங்கும் பேச்சு பஞ்சாயத்தில் போய் முடிகிறது. எல்லையிலிருந்து எட்டு அல்லது பத்தடியாவது உள்ளே தள்ளி நட வேண்டும். அதற்கு மனை இடம் கொடாவிட்டால், இரண்டு வீட்டாரும் பேசி இருவருக்கும் பொதுவாக ஒரே மரம் வைத்துக்கொள்வது மேலானது. தெருவோரப் புறம்போக்கில் நட்டு வளர்ப்பவர்கள், பலனை அநுபவிப்பதற்கு வருவாய்த் துறையில் 2-சி பட்டா கேட்கும் வழக்கம் உண்டென்பதை அறிந்திருக்க வேண்டும். கேளாமல் இருந்துவிட்டு மரம் காய்த்தபின் சண்டையிடுவதில் அர்த்தமில்லை.

நடும் முறை எளிது. ஆடியிலேயே இரண்டடி நீளம், அகலம், ஆழமாகக் குழி எடுத்து வெயிலில் ஆறவிட வேண்டும். மேல் மண்ணையும் கீழ் மண்ணையும் தனித்தனியே ஒதுக்கி, மேல் மண்ணோடு மட்கிய தொழுவுரமும், கறையான் தொல்லையுள்ள இடத்தில் இரண்டு கை வேப்பம்பிண்ணாக்கும் கலந்து குழியை நிரப்புவது வழக்கம். மட்காத சாணம் கறையானை அழைக்கும். புரட்டாசி மழை கண்டபின் கன்றை நட்டால், ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் இறங்கிக் கோடையைத் தாங்கும் பலம் பெறும். பிளாஸ்டிக் பையைக் கிழிக்காமல் அப்படியே புதைக்கிறவர்கள் இன்றும் உண்டு. அக்கன்று பிழைத்தாலும் வேர் சுருண்டு, பத்து வருஷத்துக்குப்பின் காற்றில் சாயும். கன்றுக்கு ஊன்றும் கொம்பைத் தளர்த்தியாகக் கட்ட வேண்டும். வெள்ளாட்டுக்குத் தப்பாத கன்று நட்டும் நடாததே ஆகையால், கருவேல முள்ளோ மூங்கில் தட்டியோ கொண்டு ஆளுயரத்திற்கு வேலி கட்டுவது குழி வெட்டுவதைவிட முக்கியம்.

தண்ணீர் விஷயத்தில் சிலர் தினம் ஒரு செம்பு ஊற்றுகிறார்கள். அது வேரை மேலேயே நிறுத்திவிடும். வாரத்தில் இரண்டு நாள் ஒரு குடம் நன்றாக இறங்கும்படி விடுவது மேல். தண்ணீர்க் கஷ்டமுள்ள தெருக்களில், சுடுமண் பானை ஒன்றைக் கன்றுக்கு ஓரடி தள்ளிக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவைத்தால், ஈரம் மெல்லக் கசிந்து வேரைச் சேரும். புதுப் பானையே வேண்டும் என்பதில்லை. வர்ணம் பூசாத பழைய பானை போதும். பாத்திரம் கழுவின தண்ணீரையும் விடலாம். துணிச்சோப்பு மிகுந்த தண்ணீரை விடலாகாது.

கன்றுக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு இப்பொழுது விடை சுலபம். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் பொருட்டு வனத்துறை நாற்றங்கால்களில் நாட்டு மரக்கன்றுகள் வளர்க்கப்பட்டு வந்திருக்கின்றன. எனினும் ஒரு கூட்டுறவுச் சங்கம் தன் கொல்லையிலேயே இருநூறு பைகள் கொண்ட நாற்றங்கால் வைப்பது பெரிய காரியமன்று. புங்க விதையைக் காய வைத்து அடுத்த பருவம்வரை வைத்திருக்கலாம். ஊறவைத்து நட்டால் மூன்று வாரத்திற்குள் பெரும்பாலும் முளைத்துவிடும். வேப்ப விதை அப்படியல்ல. ஆனி, ஆடியில் பழுத்து உதிர்வதைப் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்திற்குள் மண்ணில் போட்டுவிட வேண்டும். அதற்குமேல் முளைக்கும் சக்தி வேகமாகக் குறைந்துபோகும். சங்கக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்தில் அதை ஊர்ஜிதம் செய்து, பின்பு விதை பொறுக்க ஆள் அனுப்பினால் விதை செத்திருக்கும். வேம்பு நாற்றுவிடும் சங்கங்கள் ஆனி பிறக்குமுன்பே பையில் மண்ணை நிரப்பித் தயாராக வைத்திருக்க வேண்டும்.